நம்ம ஊர் வெயிலில் தோலைக் காப்பாற்றுவது எப்படி? குடையிலிருந்து சன்ஸ்கிரீன் வரை, படிப்படியாக

வெயில் பாதுகாப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்டது. அந்தத் தோல் வெயில் பட்டால் சிவந்து, வெந்து, உரிந்து போகும். நம் தோல் பெரும்பாலும் சிவப்பதில்லை, கறுக்கிறது. கன்னத்தில் மங்கு விழுகிறது, நெற்றி ஒரு நிறமும் கன்னம் ஒரு நிறமுமாக மாறுகிறது, ஒரு பரு வந்து போனால்கூட அது இருந்த இடத்தில் மாதக்கணக்கில் கறை நிற்கிறது. தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம் இருப்பதால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்கு வெகு குறைவு, அது பெரிய வரம். ஆனால் அதே மெலனின் சின்ன எரிச்சல், சின்ன உரசல் எல்லாவற்றுக்கும் ஒரு கறுப்புத் தடம் விட்டுவிடும். அதனால் நமக்கு வேலை இரண்டு: வெயிலை மறைக்க வேண்டும், தோலைச் சீண்டாமலும் இருக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு, ராத்திரி எலுமிச்சையும் ஸ்கிரப்பும் போட்டுத் தேய்த்தால் பலன் கிடைக்காது.

வெள்ளையாவது எப்படி என்று இதில் ஒரு வரிகூட இருக்காது. அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், அதுதான் உங்கள் நிறம், அதற்கு மேல் வெளுக்கத் தேவையும் இல்லை, பாதுகாப்பான வழியும் இல்லை. முகமும் கையும் அந்த நிறத்துக்குப் பக்கத்தில், திட்டுத்திட்டாக இல்லாமல், எரிச்சல் இல்லாமல் இருந்தால் போதும்.

படி 1: சூட்டை வைத்து அளக்காதீர்கள், நிழலை வைத்து அளங்கள்

வெயில் சுடுவது வேறு, தோலைக் கெடுப்பது வேறு. சுடுவது அகச்சிவப்புக் கதிர், தோலைக் கெடுப்பதில் பெரும்பங்கு புற ஊதாக் கதிருக்கு. இந்தக் கதிர் உடம்பில் படுவது நமக்குத் தெரியவே தெரியாது. ஊட்டிக்குப் போனால் குளிருகிறது என்று சந்தோஷமாக நாள் முழுக்க வெளியே நடப்போம், ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாவின் வீரியம் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். சுற்றுலா போய் வந்த குழந்தைகள் கன்னம் கறுத்துத் திரும்புவதற்கு "குளிர்காற்று" மட்டுமே காரணமில்லை.

மேகமூட்டமும் அப்படித்தான். மெல்லிய மேகம் வழியாக 80 சதவீதம் வரை புற ஊதா கீழே வந்துவிடும். கடற்கரை மணல் 15 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும், அதனால் மெரினாவில் குடை பிடித்து உட்கார்ந்தாலும் கீழேயிருந்து கொஞ்சம் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நாம் இருக்கும் இடமும் சாதாரண இடமில்லை. தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு 8 முதல் 13.5 டிகிரி வடக்கே இருக்கிறது, அதனால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும், சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். மே மாதம் கத்திரி வெயில் முடிந்ததும் "அப்பாடா" என்று குடையை மடக்கி வைத்துவிடுகிறோம், ஆகஸ்டில் சூரியன் திரும்ப நேர் மேலே வந்து நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. மார்ச் முதல் செப்டம்பர் வரை குடைக்கு விடுமுறை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் வானிலை பார்க்கும் செயலியில் யூவி இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும், யூவி என்றால் புற ஊதா. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 8-லிருந்து மிக அதிகம், 11-லிருந்து கடுமை. நம் ஊரில் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சகஜம். போன் கையில் இல்லையா? உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது, நீளமாக இருந்தால் பரவாயில்லை. நம் ஊரில் காலை ஒன்பது ஒன்பதரையிலிருந்து மாலை மூன்று மூன்றரை வரை நிழல் குட்டைதான். துணி காயப்போடுவது, கீரை வாங்கப் போவது, நடைப்பயிற்சி, பைக் கழுவுவது என்று உங்கள் கையில் இருக்கும் வேலைகளை இந்த நேரத்துக்கு வெளியே தள்ளுங்கள். பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

படி 2: முதலில் துணி, அப்புறம் கிரீம்

சன்ஸ்கிரீனைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் சட்டையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். துணி வியர்வையில் கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டியதில்லை, காலாவதியாகாது. கட்டட வேலையிலும் நூறு நாள் வேலையிலும் இருக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தோல் மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரையை அவர்கள் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எந்தத் துணி நல்லது? வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள், துணி வழியாக வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால் புற ஊதாவும் வரும். மெல்லிய வெள்ளை காட்டன் டிஷர்ட் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் காக்கும், வியர்வையில் நனைந்துவிட்டால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த துணியும் அடர்நிறமும் நன்றாகத் தடுக்கும். ஆனால் அடர்நிறம் சூட்டை இழுக்குமே என்றால் அதுவும் உண்மைதான், அதற்காக நான் சொல்வது: நெருக்க நெசவுள்ள, தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை, நிறம் நீலமோ பச்சையோ உங்கள் விருப்பம். உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடினால் சூடு தெரியாது.

இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஓடும்போது காற்றடிப்பதால் வெயில் உறைக்காது, ஆனால் கைமேல், விரல் முட்டிகள், மூக்கு நுனி, கழுத்தின் பின்பக்கம் எல்லாம் நேராக வாங்கிக்கொள்ளும். முழு ஹெல்மெட்டின் வைசர் பாலிகார்பனேட்டால் ஆனது என்றால், கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்காகக் கருப்பு வைசர் தேவையில்லை, அது இரவில் ஆபத்து. வைசரை ஏற்றிவிட்டு ஓட்டினால் மட்டும் பலனில்லை. கைக்கு விரல் வரை மூடும் உறை போடுங்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வது நல்ல பழக்கம், ஆனால் ஒரே துப்பட்டாவை வாரம் முழுக்கச் சுற்றினால் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து தாடையோரம் பரு வரும். நாளுக்கு ஒன்று மாற்றுங்கள்.

ஆண்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுவது தேவையில்லாத வீம்பு. நம் தாத்தாக்கள் கருப்புக் குடை இல்லாமல் வெயிலில் இறங்கியதே இல்லை, அடர்த்தியான கருப்புக் குடை நேரடிக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தொப்பி வாங்கினால் சுற்றிலும் விளிம்புள்ளதாக வாங்குங்கள், கிரிக்கெட் தொப்பி காதையும் கழுத்தையும் மூடாது.

படி 3: சன்ஸ்கிரீனை எப்படித் தேர்ந்தெடுப்பது

துணி மூடாத இடத்துக்குத்தான் சன்ஸ்கிரீன்: முகம், காது, கழுத்து, கைமேல், செருப்பு போட்டால் பாதத்தின் மேற்புறம்.

டப்பாவில் இரண்டு விஷயம் பாருங்கள். எஸ்பிஎஃப் என்பது தோலைச் சிவக்கவைக்கும் யூவி-பி கதிருக்கான அளவு. சரியான அளவில் பூசினால் எஸ்பிஎஃப் 15 அதில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. அதற்கு மேல் 70, 100 என்று போவதில் கிடைக்கும் லாபம் சொற்பம். இன்னொன்று பிஏ, அதன் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். ஜப்பானில் தொடங்கிய இந்த முறை, தோலைக் கறுக்கவைத்து, வயதான தோற்றம் தரும் யூவி-ஏ கதிருக்கானது. பூமிக்கு வந்து சேரும் புற ஊதாவில் 95 சதவீதம் யூவி-ஏதான், நம் நிறத்துக்கு இதுதான் முக்கியம், அதனால் பிஏ+++ அல்லது ++++ இல்லாததை வாங்காதீர்கள். இறக்குமதி டப்பா என்றால் வட்டத்துக்குள் யூவிஏ என்று எழுதியிருக்கும், அல்லது பிராட் ஸ்பெக்ட்ரம் என்று இருக்கும், அதுவும் சரி.

பிறகு அது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எண்ணெய் வடியும் முகத்துக்கு ஜெல் அல்லது தண்ணீர் போன்ற லோஷன், வறண்ட தோலுக்கு கிரீம். ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு உள்ளவை எரிச்சல் குறைவானவை, ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூசினதுபோல் தெரியும், அதனாலேயே பலர் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். கெமிக்கல் சன்ஸ்கிரீன் என்று சொல்லப்படும் மற்ற வகை அப்படித் தெரியாது. "கெமிக்கல்" என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும் என்பதைத் தவிரப் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. உங்களுக்குத் தினமும் பூசப் பிடிக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அலமாரியில் கிடக்கும் விலை உயர்ந்த டப்பாவால் யாருக்கும் பயனில்லை.

மங்கு உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத் தோலையும் கருநிறத் தோலையும் கறுக்கவைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் இதை அவ்வளவாகத் தடுக்காது. அயர்ன் ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன் தடுக்கும். வருடக்கணக்கில் கிரீம் மாற்றி மாற்றிப் பூசியும் மங்கு குறையவில்லை என்கிறவர்கள் முதலில் இதை மாற்றிப் பாருங்கள். செல்போன் வெளிச்சத்துக்குப் பயந்து வாங்க வேண்டாம், வெயிலோடு ஒப்பிட்டால் அதிலிருந்து வரும் நீல ஒளி மிக மிகக் குறைவு.

படி 4: எவ்வளவு, எப்போது, எப்படி

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த எண். நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துத் தேய்க்கிறோம், அதில் பாதிகூட வராது, 50 என்று வாங்கியதில் கிடைப்பது அதற்கு வெகு கீழே. சரியான அளவுக்கு எளிய வழி: ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டதுபோல் எடுங்கள், அது முகத்துக்கும் கழுத்துக்கும். ஏறத்தாழ ஒரு கிராம் வரும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று கணக்கிட்டால் 50 கிராம் டியூப் 25 நாளில் தீர வேண்டும். உங்கள் வீட்டு டியூப் நான்கு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசும் அளவு போதவில்லை என்று அர்த்தம். மாதாமாதம் ஒன்று வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் கவலை வேண்டாம், விலை குறைந்த ஒன்றைத் தாராளமாகப் பூசுங்கள், விலை அதிகமானதைத் தொட்டுத் தொட்டுப் பூசுவதைவிட அது எவ்வளவோ மேல். மற்றதைத் துணியும் குடையும் பார்த்துக்கொள்ளும்.

ஒரே தடவையில் அவ்வளவும் பூசினால் பிசுபிசுக்கும். ஒரு விரல் அளவு பூசி, ஓரிரு நிமிடம் விட்டு, இன்னொரு விரல் அளவு பூசுங்கள். முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போட்டு, அதற்கு மேல் சன்ஸ்கிரீன், அதற்கு மேல்தான் பவுடரோ மேக்கப்போ. வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூசிவிடுங்கள். காது மடல், கண்ணோரம், மேலுதடு, வகிடு, கழுத்தின் பின்பக்கம் இவைதான் தவறிப்போகும் இடங்கள்.

வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். மே மாத வியர்வையில் அது அதற்கு முன்பே கரைந்துவிடும், துண்டால் முகம் துடைத்தால் துண்டோடு போய்விடும். அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். அலுவலகத்துக்குள் நாள் முழுக்க, ஜன்னலிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறவர் காலையில் ஒரு முறையும், மதியம் வெளியே போனால் அதற்கு முன் ஒரு முறையும் பூசினால் போதும். தெருவில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், உணவு டெலிவரி செய்கிறவர், பூக்கடைக்காரர் ஆகியோர் வேலைக்கு நடுவே கிரீம் பூசிக்கொண்டிருக்க முடியாது, அவர்கள் படி 2-ஐ உறுதியாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

டியூபைப் பைக் பெட்டியிலோ கார் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், சூட்டில் மருந்து பிரிந்துவிடும். தண்ணீராகவும் கட்டியாகவும் பிரிந்து வந்தால் தூக்கிப் போடுங்கள்.

படி 5: கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறீர்களா?

சாதாரணக் கண்ணாடி யூவி-பியைத் தடுக்கும், யூவி-ஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். காரின் முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது என்பதால் நன்றாகத் தடுக்கிறது, பக்கக் கண்ணாடிகள் அப்படி இல்லை. கால்டாக்சி ஓட்டுநர்களின் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஜன்னலோரம் இருக்கும் வலது கை கறுத்திருக்கும். தினமும் ஓட்டுகிறவர்கள் வலது கைக்கு உறை போடுவது எளிது. ஜன்னலோர மேசையில் வெயில் விழுந்தால் திரைச்சீலை போடுங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வைட்டமின் டி உண்டாவது யூவி-பியால்தான், அதனால் மூடிய ஜன்னல் வழியாக வெயில் காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது, கறுப்பு மட்டும் கிடைக்கும். வைட்டமின் டி வேண்டுமே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடவும் தேவையில்லை. கை காலில் கொஞ்ச நேரம் நேர் வெயில் படட்டும், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். உடல்வலி, சோர்வு என்று சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம்.

படி 6: குளியலறையில் தோலைப் படுத்தாதீர்கள்

வெயிலில் கறுத்ததை "அழுக்கு" என்று நினைத்துத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பிளாஸ்டிக் நாரை வைத்து முதுகையும் கையையும் வருடக்கணக்கில் தேய்க்கிறவர்களுக்கு அந்த இடங்களில் அலையலையாகக் கறுப்புப் படை வரும். தோல் மருத்துவர்கள் தினமும் பார்க்கும் விஷயம் இது, தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். நாரையும் பீர்க்கங்கூட்டையும் முகம், கழுத்து, முதுகுக்குப் பயன்படுத்தாதீர்கள், பாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடலை மாவு, சர்க்கரை ஸ்கிரப், வால்நட் ஸ்கிரப் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் துணிபோல் தடித்திருந்தால் அது வெயிலும் இல்லை, அழுக்கும் இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக அது பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகளின் கழுத்தைப் பிடித்துத் தேய்த்துத் திட்டும் அம்மாக்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். தேய்ப்பதை விட்டுவிட்டுச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள், எடையைப் பாருங்கள்.

போர்வெல் உப்புத் தண்ணீர் பல ஊர்களில் தவிர்க்க முடியாதது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, மாறாக வழவழப்பாக ஒரு படலம் தோலில் தங்கி, வறட்சியும் அரிப்பும் வரும். சாதாரண சோப்பின் காரத்தன்மை பிஎச் 9, 10 என்று இருக்கும், தோலின் இயல்பு 5 பக்கம். அதனால் முகத்துக்கு மட்டுமாவது சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ்வாஷ் பயன்படுத்துங்கள், முடிந்தால் கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். முகம் கழுவுவது நாளுக்கு இரண்டு முறை போதும், வியர்த்தால் வெறும் தண்ணீர். குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். கை கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் அருமையாக வேலை செய்யும், பரு வரும் முகத்துக்கு வேண்டாம். அது வெயிலைத் தடுக்கும் என்று நம்பி சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகப் பூசவும் வேண்டாம்.

நெற்றியிலும் காதோரமும் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிறதா? தலைக்கு வைக்கும் எண்ணெய் இறங்குகிறது, அல்லது ஹெல்மெட்டின் உள்பஞ்சு அழுக்காக இருக்கிறது. உள்பஞ்சைக் கழற்றித் துவையுங்கள், உள்ளே மெல்லிய பருத்திக் குல்லா போடுங்கள்.

வேர்க்குரு என்பது வியர்வைத் துவாரம் அடைத்துப்போவது. அதன் மேல் பவுடரை அப்பினால் இன்னும் அடைக்கும். தொளதொள பருத்தி, மின்விசிறி, இரண்டு வேளைக் குளியல், எரிச்சலுக்குக் காலமைன் லோஷன் போதும். நுங்குத் தண்ணீர் தடவினால் குளுமையாகத்தான் இருக்கும், தடவிக்கொள்ளுங்கள்.

படி 7: இவற்றை இன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றுங்கள்

வெயில் கெடுத்ததைவிட அதிகமாக முகங்களைக் கெடுத்தவை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கிரீம்கள். படர்தாமரைக்கு, பருவுக்கு, மங்குக்கு, "நிறம் வர" என்று எல்லாவற்றுக்கும் ஒரே டியூபைக் கொடுக்கிறார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருக்கிறதா பாருங்கள், இவை எல்லாம் ஸ்டீராய்டு. பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று தெளியும், அதுதான் வலை. சில மாதத்தில் தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கொத்துக்கொத்தாக வரும், பூசாவிட்டால் எரியும், பகல் வெயில் முகத்தில் பட்டாலே தாங்காது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டாம், தோல் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக விடுங்கள்.

அடுத்தது, முகவரி இல்லாத வெளுக்கும் கிரீம்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது, பியூட்டி பார்லரில் கலக்கிக் கொடுத்தது, இணையத்தில் அறிமுகமில்லாத கடையில் வாங்கியது என்று எதுவாக இருந்தாலும் பாதரசம் இருக்கலாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது செய்தியாக வந்தது. தயாரித்தவர் பெயர், உரிமம் எண், உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி வெயிலில் போனால், அதிலிருக்கும் ஒரு பொருள் யூவி-ஏயோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும், சாறு வழிந்த தடத்திலேயே கருப்புக் கோடு விழும். சமையலில் பிழிந்த கையையும் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள்.

படி 8: இரவும், மன அழுத்தமும்

இரவு முகம் கழுவி மாய்ஸ்சரைசர் போடுங்கள், அது போதும். கறை குறைய வேண்டும் என்றால் நியாசினமைடு, அசெலாயிக் ஆசிட் ஆகியவை மென்மையானவை. ஒன்றைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ரெட்டினால், ட்ரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சுகள் இரவுக்கு மட்டும், கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் தொடவே கூடாது. நான்கு சீரத்தை ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள், எது எரித்தது என்றே தெரியாமல் போகும், எரிந்த இடமும் கறுக்கும்.

மன அழுத்தம் பருவையும் அரிப்பையும் கூட்டுகிறது, சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது அனுபவத்திலேயே தெரியும். தேர்வு நேரத்திலும் வேலைச் சுமை கூடும்போதும் நம்மையறியாமல் பருவைக் கிள்ளுகிறோம், ஒரே இடத்தைச் சொறிந்து சொறிந்து தடிக்கவைக்கிறோம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், பருவின் மேல் சின்ன பேட்ச் ஒட்டுங்கள். தூக்கம் குறைந்த வாரங்களில் புதுக் கிரீம் எதையும் தொடங்காதீர்கள். உணவைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை: தண்ணீர், மோர், பழம், காய். சிகரெட்டை விட்டால் தோலுக்கும் நல்லது.

படி 9: கூடுதல் கவனம் யாருக்கு

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பீரியட் நண்பகலில் இருந்தால் பள்ளியில் பேசிப் பாருங்கள், தொப்பிக்காவது அனுமதி கேளுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் இல்லை, பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு உடம்பு முழுக்க இல்லை. இவர்களுக்கு முழுக்கைத் துணியும் சன்ஸ்கிரீனும் அன்றாட மருந்து மாதிரி.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற மாத்திரைகள் தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மூடிக்கொள்ளுங்கள். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு முகமும் கழுத்தும் மட்டும் தடித்து அரித்தால் பார்த்தீனியச் செடியின் ஒவ்வாமையாக இருக்கலாம், அது வெயில் ஒவ்வாமை மாதிரியே தெரியும்.

படி 10: எப்போது மருத்துவர்

வெயிலில் போனாலே கைகளிலும் பின்கழுத்திலும் அரிப்போடு பொடிப்பொடியாகக் கிளம்பினால் போய்க் காட்டுங்கள். கன்னங்கள் இரண்டிலும் மூக்கின் மேலும் படை வந்து, கூடவே மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், அது லூபஸாக இருக்கலாம், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். தேமல் என்று நினைத்திருக்கும் வெளிர்த் திட்டில் தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொழுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ஆறாத புண், வளர்ந்துகொண்டே போகும் மச்சம், குறிப்பாக உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாக வந்த கருப்புப் புள்ளி, இவற்றையும் உடனே காட்ட வேண்டும். நம்மவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் வெயில் படாத இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால் பலகையில் டிவிஎல் என்ற தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், "ஸ்கின் கிளினிக்" என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். போகும்போது இதுவரை பூசிய எல்லா டியூபையும், காலி டப்பாவாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய போட்டோ போனில் இருந்தால் அதையும் காட்டுங்கள். அன்றைக்கு மேக்கப், பவுடர் வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசியதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் சிகிச்சையைத் தொடங்க முடியும்.